தேறாத மொசைக் கல்

அரியலூருக்கு வெளியே தொழிற்பேட்டை திறந்தபோது எனக்கும் ஒரு ஷெட் ஒதுக்கினார்கள். கணவர் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலையில் இருந்தார். நான் நாலு பெண்களை வைத்துத் தரைக்குப் பதிக்கும் மொசைக் கல் வார்த்தேன். புதிதாகத் தொழில் தொடங்கும் உள்ளூர்க்காரர்களுக்கு உதவவென்றே பேட்டைக்குள் ஒரு சோதனைக்கூடம் இருந்தது. கல்லை எந்திரத்தில் வைத்து, உடையும்வரை அழுத்திப் பார்த்துச் சான்று தருவார்கள். அது இல்லாமல் அரசாங்கக் கட்டடங்களுக்குக் கல் எடுக்க மாட்டார்கள்.

என் கல் தேறவில்லை என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தார் அங்கிருந்த அதிகாரி. ஒருமுறைகூட என் கண்முன் எந்திரத்தை ஓட்டவில்லை. பக்கத்து ஷெட்டில் அதே மாதிரிக் கல்லைச் செய்த முதலாளி எப்போதும் அவர் எதிரே நாற்காலியில் இருப்பார்; நான் நிற்பேன். என் மாமனார் அந்த முதலாளியின் வயலில் கூலிக்கு உழைத்தவர். அதை முதலாளி என் காதில் விழும்படியே அதிகாரியிடம் சொல்லிச் சிரித்தார்.

நாலாவது முறை, முதலாளியின் கற்களையே கடைவீதியில் வாங்கினேன். அடியில் பதிந்திருந்த அவருடைய முத்திரையைச் சிமெண்ட் பூசி மறைத்து, என் பெயரில் கொடுத்தேன். மறுவாரம், பலம் போதாது என்று கையெழுத்தோடு தாள் வந்தது. கற்களைத் திருப்பிக் கேட்டேன். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அதிகாரியின் மேசைமேலேயே வைத்து உளியால் பூச்சைச் சுரண்டினேன்.

"இது யாரு கல்லு, சார்?"

எதிரே நாற்காலியில் இருந்த முதலாளிதான் பதில் சொன்னார். "கூலிக்காரன் வூட்டுக்கு ஷெட்டு எதுக்கு? களை பறிக்கப் போக வேண்டியதுதானே."

"களையும் பறிச்சிருக்கேன். உங்க கல்லு தேறலைன்னு எழுதியிருக்குது, அத மொதல்ல படிங்க."

அதிகாரி தாளைத் திருப்பிக் கேட்டார். திருச்சியில் அவருடைய மேலதிகாரியிடம்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொடுத்துவிடு, வம்பு வேண்டாம் என்று கணவர் கெஞ்சினார். அன்று அவரோடும் சண்டை.

மறுநாள் அதிகாரியே ஆள் அனுப்பினார். என் கண்முன் என் கல்லை எந்திரத்தில் வைத்தார். எந்திரத்தின் முள், தேறுவதற்குக் குறித்த அளவைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் கல் உடைந்தது. சான்றை மேசைமேல் வீசினார்.

அந்த வாரமே என் ஷெட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயை யாரோ உடைத்தார்கள். புகார் எழுதியும் யாரும் வந்து பார்க்கவில்லை. நானும் அந்தப் பெண்களும் ரோட்டுக்கு அப்பாலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்துதான் கல் வார்த்தோம். பேட்டையில் ஒருவரும் எங்களோடு பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதிகாரிக்கு மாற்றல் வந்ததும் எல்லா ஷெட்டுக்காரர்களும் வழியனுப்ப மாலையோடு போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.