காலரப் பாத்துக் குடுத்த சோறு

"என் வயித்தப் பத்திச் சொல்லுங்க, கேட்டுக்கறேன். என் நோன்பப் பத்திப் பேச நீங்க யாரு?"

டாக்டரம்மா மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டா என் நாத்தனா. அந்தம்மாவும் லேசுப்பட்டவ இல்ல. "ரெண்டு வேளை ஊசி போடற சக்கரை ஒடம்பு இது. பகல் பூரா பட்டினி கெடந்தா மயங்கி விழுவீங்க. விழுந்தா என்கிட்டதானே தூக்கிட்டு வருவாங்க? அப்ப நான் பேசத்தான் செய்வேன்"னா. எனக்கு அந்தப் பொண்ணப் புடிச்சுப்போச்சு.

ரம்ஜான் நோன்புக்கு இன்னும் நாலே நாளு.

என் நாத்தனாவ எல்லாரும் இஸ்திரின்னுதான் கூப்பிடுவாங்க. பெரிய சலவைக் கடையில முப்பத்தியாறு வருஷமா இஸ்திரி போடறா. ஆஸ்பத்திரி வெள்ளக்கோட்டு, ஓட்டல் பெட்ஷீட்டு, எல்லாம் அவ கையில மடிப்பு வாங்கினதுதான். மொதல்ல காலர், அப்புறம் தோள்பட்டை, கை, கடைசியில முதுகு. வரிசைய மாத்தினா அவளுக்குக் கிறுக்குப் புடிச்சுரும். கல்யாணம் பண்ணிக்கல. பொண்ணு பாக்க வந்தவன் சட்டையப் பாத்துட்டு, "காலர் உள்பக்கம் ஒரே அழுக்கு அண்ணி, இவன் வேணாம்"னுட்டா. மூணு பேர அப்படித்தான் வெரட்டினா. என் வீட்டுக்காரர் மௌத்தானப்புறம் நாங்க ரெண்டு பேருந்தான். அவ சம்பாதிப்பா, நான் சமைப்பேன், ரெண்டு பேரும் கத்துவோம்.

அந்தச் சூட்டுல நின்னுக்கிட்டு ஒரு நோன்பு விட்டதில்ல அவ. பொம்பளைக்கு மாசத்துல நோன்பு விடற நாளு இருக்கும்ல, அதையும் அடுத்த மாசமே வெச்சு முடிச்சுருவா. அவளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். அன்னிக்கு வீட்டுக்கு வந்து குளிக்கிற ரூமுக்குள்ள போய் குழாயத் தெறந்து விட்டுட்டு அழுதா. "நோன்பு விட்டவளா மௌத்தாகப் போறேனே அண்ணி"ன்னா. "தண்ணி வீணாப்போகுது, வெளிய வந்து அழு"ன்னேன்.

மறுநாள் பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டக் கூட்டிட்டுப் போனேன். "தீராத நோயின்னா நோன்பு வெக்க வேண்டியதில்லம்மா. விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்கு வயிறார சோறு குடுங்க. அதுதான் ஃபித்யா"ன்னாரு.

"யாரு தீராதுன்னது? அடுத்த வருஷம் வெப்பேன் பாருங்க"ன்னா இவ. ஹஜ்ரத்து என்னப் பாத்தாரு. நான் மேல ஓடற ஃபேனப் பாத்தேன்.

"பள்ளிவாசல்ல குடுத்துட்டா நாங்களே விசாரிச்சு ஏழைங்களுக்குக் குடுத்துருவோம்."

"யாரு வயித்துல போச்சுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது. என் ஏழைய நானே பாத்துக்கறேன்."

மாப்பிள்ளை தேடற மாதிரி தேடினா. நோன்புக்கு மொத நாளு பஸ் ஸ்டாப் பெஞ்சுல ஒரு கெழவரக் கண்டுபுடிச்சா. காலர் நார்நாராக் கிழிஞ்சிருக்கு, நாலு பட்டன் நாலு கலரு, அந்தச் சட்டை இஸ்திரியக் கண்டு ரெண்டு வருஷமாச்சுன்னா. விசாரிச்சியாடின்னு கேட்டேன். "முப்பத்தியாறு வருஷமாத் துணி பாக்கறேன். காலரப் பாத்தா ஆளச் சொல்லிடுவேன்"னா.

தெனம் பொழுது சாயற நேரம் சோறும் கறியும் நான் செஞ்சு குடுப்பேன். பழைய ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போவா. டப்பா ஓரத்துல கொழம்பு ஒழுகி பை பூரா எண்ணெய். "நல்லதா ஒரு கேரியர் வாங்கித் தொலையேன்டி"ன்னா, "ஒரு வருஷக் கூத்துக்கு எதுக்குக் கேரியரு?"ம்பா.

கெழவர் ஒரு நாளு நல்லாருக்குன்னு சொன்னதில்ல. அஞ்சாம் நாளு உப்பு கம்மின்னாரு. பதினோராம் நாளு, "எலும்பாப் பொறுக்கிப் போட்டாளா உங்க அண்ணி?"ன்னு கேட்டிருக்காரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நோன்பு வாயா இருக்கேன்னுதான் வாய மூடிக்கிட்டேன்.

இருபதாம் நாளு இவ டப்பாவோட போறப்ப வழியில, கடையில துவைக்கிற மெஷினப் பாத்துக்கற பொண்ணும் கூட நடந்து வந்திருக்கு. புருஷன் விட்டுட்டுப் போன பொண்ணு. அம்மாவையும் மகளையும் வெச்சுக் காப்பாத்துது. பெஞ்சப் பாத்ததும் நின்னுருச்சு.

"அக்கா, என் வீட்டு ஓனருக்கா சோறு குடுக்கறீங்க?"

"யாரு ஓனரு?"

"இவருதான். எங்க வரிசையில ஆறு வீடும் இவருது. நேத்துதான் அரிசிக்கு வெச்சிருந்த காச எடுத்து வாடகை குடுத்தேன்."

இஸ்திரி கெழவர்கிட்டப் போனா. "யோவ், என் பத்தொம்பது நாள் சோத்தக் கக்கு!"

"நான் ஏழைன்னு உன்கிட்டச் சொன்னேனா? குடுத்த, தின்னேன். காலர் கிழிஞ்சா சட்டை போடக் கூடாதா?"ன்னிருக்காரு. கையையும் நீட்டிருக்காரு, இன்னிக்கு டப்பாவுக்கு!

ஓடினா ஹஜ்ரத்துகிட்ட. "விசாரிச்சுக் குடுத்தீங்களா?"ன்னாரு. "காலரப் பாத்துக் குடுத்தேன்"னா. "அப்ப அது கணக்குல சேராதும்மா, மறுபடியும் குடுத்துருங்க"ன்னுட்டாரு. முப்பது சோறு பாக்கி, கையில பத்து நாளு. வீட்டுக்கு வந்து செவுத்தப் பாத்து உக்காந்துட்டா.

"ஏன்டி, அந்த மெஷின்காரப் பொண்ணு நோன்பு தொறக்கறப்ப என்ன சாப்பிடும்?"னு கேட்டேன்.

"ஒரு டம்ளர் தண்ணி, ஒரு பிஸ்கட்டு. வீட்டுல போய் சாப்பிட்டுக்கறேங்கும்."

"அரிசியில்லாத வீட்டுலயா?"

அப்படியே என்னப் பாத்தா. "அண்ணி, அதோட துப்பட்டா எப்பவும் மடிப்புக் கலையாது அண்ணி. ஷிப்ட் முடிஞ்சு என் மேசையிலதான் தேச்சுக்கும்"னா. அப்புறம் தலையில அடிச்சுக்கிட்டா.

மறுநாள் மெஷினுக்குப் பக்கத்துலயே போய் நின்னுருக்கா. சுத்தி வளைக்கத் தெரியாதே அவளுக்கு. "இங்க பாரு, என் நோன்பு உன் வயித்துலதான் போகணும். நீ, உங்கம்மா, உன் மக. மூணு பேரு, பத்து நாளு, முப்பது. மாட்டேன்னு சொன்ன, நான் நோன்பில்லாம மௌத்தாவேன், பாவம் உனக்கு."

"நான் என்ன பிச்சையாக்கா கேட்டேன்?" பொண்ணுக்குக் கண்ணுல தண்ணி.

"நீ எங்கடி கேட்ட? நான்தான் உன்கிட்டக் கேக்கறேன்."

பொண்ணு மெஷின நிறுத்திட்டுக் கண்ணத் தொடச்சுக்கிச்சாம். அப்புறம், "உப்பு கம்மியா இருந்தா நானும் சொல்லுவேன்"னுச்சாம்.

கடைசி நாளு பொழுது சாய மூணு தட்டும் காலியாகறத வாசப்படியில நின்னு பாத்துட்டு வந்தா. செருப்பக் கழட்டல. "வாங்க அண்ணி, கடை மூடிருவான்"னு என்னப் பாத்திரக்கடைக்கு இழுத்துட்டுப் போனா. நாலு அடுக்கு எவர்சில்வர் கேரியரு ஒண்ண எடுத்தா. பிடிய இழுத்துப் பாத்தா, மூடியத் தட்டிப் பாத்தா.

"எத்தன வருஷம் வரும்?"

"உங்க காலத்துக்கும் வரும்மா"ன்னான் கடைக்காரன்.

"அவ்வளவு வந்தாப் போதும்"னா.

ஒரு வருஷக் கூத்துன்னியேடின்னு நான் கேக்கல. எனக்கும் வாய மூடத் தெரியும். எண்ணூறுன்னு சொன்னான், எழுநூத்தி இருபதுக்குக் குடுத்தான்.