தாளுக்கு வெளியே

விண்ணிபெக் நகரத்தின் பல் மருத்துவமனையில் "மிஸ்டர் எலுமலாய்" என்று கூப்பிட்டால் நான்தான் எழுந்து போக வேண்டும். ஏழுமலை என் அப்பா. மேல்பட்டாம்பாக்கத்தில் சென்ட்ரிங் வேலை செய்கிறவர், இன்றும் கைநாட்டுதான். ஊரில் அவர் ராஜேஷ் என்ற என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்றார். பாஸ்போர்ட்டுக்காக அந்த எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். விரிந்த பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வந்து மூன்று வருடம் ஆகியும், யாராவது அப்படிக் கூப்பிட்டால் அப்பா எங்கே என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். போன மாதம் வரவேற்பு மேசைப் பெண், உங்கள் எலுமலாய் குடும்பம் பெரியதா என்று ஆசையாகக் கேட்டார். உலகத்திலேயே எங்களுக்கு ஓர் ஏழுமலைதான் என்றேன். மற்ற எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, அவர் கண் கலங்கி "ஐ ஆம் சோ சாரி" என்றார். இன்ஷியல் என்கிற ஏற்பாட்டை அவருக்கு விளக்க என்னால் ஆகவில்லை. நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய் வாயைத் திறந்தேன்.

அதேபோன்ற இன்னோர் ஒற்றை எழுத்தால்தான் நான் இந்த ஊரில் இருக்கிறேன். இரண்டு வாரம் முன்புவரை யாரிடமும் சொல்லாதது அது.

குமரன் என் கல்லூரி நண்பன். சிதம்பரத்துக்காரன், அப்பா பள்ளி ஆசிரியர். வெளிநாட்டு மேல்படிப்புக்கான ஆங்கிலத் தகுதித் தேர்வுக்கு இருவரும் சேர்ந்து படித்தோம். சனிக்கிழமைதோறும் கடலூர் வந்து, பஸ் மாறி, அவன் வீட்டுக்குப் போவேன். அந்த வீட்டில் பத்திரிகை வந்ததும் அவன் அம்மா குறுக்கெழுத்துப் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் பத்திரிகை வந்ததே பஜ்ஜி மடித்துத்தான். நான் அகராதியில் சொல் தேடிக்கொண்டிருக்கும்போது, அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே விடையைச் சொல்லிவிடுவான். தேர்வில் நாலு வரியில் ஒரு வாதம் கொடுப்பார்கள். இந்த வாதம் சொல்லாமலே எதை நம்பிக்கொண்டிருக்கிறது என்று கேட்பார்கள். அந்தச் சொல்லாத வரி அவன் கண்ணுக்கு அச்சில் இருப்பதுபோலத் தெரியும்.

ஒருநாள் ஒரு கேள்வி. ஒரு கடற்கரை ஊரில் படகுகள் இரண்டு மடங்கு ஆயின, மீன் வரத்து குறைந்தது, ஆகவே படகு கூடியதுதான் காரணம். இந்த வாதம் எதை நம்புகிறது? நான் கடலூர் தேவனாம்பட்டினத்தை நினைத்துக்கொண்டேன். சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தில் வந்த படகுகள், தடைக்காலம், டீசல் விலை என்று யோசித்து, டீசல் என்று இருந்த விடையைக் குறித்தேன்.

"டீசல் எங்கடா வந்துது?" என்றான் குமரன்.

"டீசல் ஏறுனா கடலுக்குப் போவ மாட்டாங்கல்ல?"

"அது உனக்குத் தெரியும் மாமா. தாளுக்குத் தெரியுமா? வேற எந்தக் காரணமும் இல்லன்னு நம்புது, அவ்வளவுதான் விடை. தாளுக்கு வெளிய போவாத."

உள்ளேயிருந்து அவன் அம்மா, "வெளிய போயிதான்டா அந்தப் புள்ள சம்பாரிக்கப் போவுது. நீ முறுக்கத் தின்னே காலத்த ஓட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. கேள்வியை மூன்று முறை படிக்கிறவனுக்கு ஒரு முறை படிக்கிறவன்மேல் வரும் எரிச்சல் அது. இருவரும் விண்ணப்பித்த துறையில் உதவித்தொகையோடு ஓர் இடம்தான் இருந்தது. அது கிடைக்காவிட்டால் அப்பாவோடு சாரம் ஏற வேண்டியதுதான்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்பு குமரன் தன் பதிவுத் தாளை மேசைமேல் போட்டான். குமரன் கே என்று இருந்தது, பள்ளிச் சான்றிதழில் உள்ளதுபோலவே. அவன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கலியபெருமாள் முழுதாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள் என்று விதிமுறையின் பதினோராம் பக்கத்தில் இருந்தது. அகராதியோடு உட்கார்ந்து அதையெல்லாம் படிக்கிறவன் நான். அவன் படிக்கிற ஆள் இல்லை. மாற்றிக்கொள்ள நாளும் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அவன் கேட்கவில்லை, நான் பொய் சொல்லவில்லை, தாளில் அவ்வளவுதான் இருக்கிறது என்று எனக்கு நானே வாதம் செய்துகொண்டு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

சென்னையில் தேர்வு மையத்து வாசலில் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நீ போயி நல்லா எழுது மச்சான்" என்று சொல்லிவிட்டு, நான் முடித்து வரும்வரை என் பையை வைத்துக்கொண்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான்.

இடம் எனக்குக் கிடைத்தது. குமரன் இப்போது கடலூரில் அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்குப் புதிர்க் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். அந்தப் பிள்ளைகள் "குமரன் சார்" என்று சூழ்ந்து நிற்கும் படங்கள் எனக்கு வரும்போதெல்லாம் பழைய எரிச்சல் திரும்பும். குற்றம் செய்தவனுக்குப் பொறாமை தீர வேண்டாமா? தீரவில்லை. பல் மருத்துவமனையில் அந்தப் பெண் பொய்யான ஒரு சாவுக்காகக் கலங்கியதைப் பார்த்த அன்று, இனிமேலும் முடியாது என்று தோன்றியது. அடுத்த ஞாயிறு காலை அழைத்தேன். அங்கே சாயங்காலம். அவன் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருந்தான்.

"சத்தமா பேசு, காத்து ஜாஸ்தியா இருக்கு."

மறைத்த கதையைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. பதிவுத் தாளைப் பார்த்தது, பதினோராம் பக்கம், எல்லாம்.

"அந்தத் தாள அன்னிக்கே பாத்தியா?" என்றான். பிறகு, "நான் ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப எழுதினேன்டா. உன்னவிட ஆறு மார்க் ஜாஸ்தி. அதுக்குள்ள நீ போயி உக்காந்துட்ட. சொன்னா அங்க நிம்மதியா இருக்க மாட்டேன்னு சொல்லல."

"கோவம் வரலியா?"

"இப்பதான வருது. மூணு வருசமா அதிர்ஷ்டத்த திட்டிக்கிட்டு இருந்தேன், இனிமே உன்ன திட்டணும். பெரிய வேலைதான், போன வெய்யி."

வைத்துவிட்டான். அவனும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தான், என் நிம்மதிக்காக. மன்னிப்புக் கேட்கப் போன நான் அந்த ஆறு மார்க்குக்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வாரம் பேச்சில்லை. இன்று நான் பல் அடைக்க வந்து காத்திருக்கும்போது ஒரு புதிர் அனுப்பியிருக்கிறான். வேறு ஒரு வார்த்தை இல்லை. 'கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் மூன்று பேர் சீட். குமரன் ஜன்னலோரம். ஏழுமலை குமரனுக்குப் பக்கத்தில் இல்லை. ராஜேஷ் எங்கே?'

ஒரு முறை படித்ததும் விடை தெரிந்தது. இதிலும் ஜன்னலோரத்தை அவனே எடுத்துக்கொண்டிருக்கிறான். ஒரு பக்கம் அவன், மறுபக்கம் அப்பா. 'நடுவில்' என்று எழுதி அனுப்பினேன். சரியான விடை. ஆனால் நான் எப்போதும்போலத் தாளுக்கு வெளியே போய்விட்டேன். பஸ் கடலூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் அவன், இந்தப் பக்கம் அப்பா, நடுவில் ஒரு ஆள் இடம் அப்படியே காலியாக இருந்தது.

"மிஸ்டர் எலுமலாய்" என்றார் வரவேற்பு மேசைப் பெண். எழுந்துகொண்டேன்.