திருடன் சொன்ன விலாசம்

மிக்ஸி ஜாருக்கு மூடி வாங்க, போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் பாய் கடைக்குப் போனேன். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் நான் குடிவந்த நாளிலிருந்து வீட்டுச் சாமான் எதுவானாலும் அவரிடம்தான். அன்றைக்குப் பில் போடும் கம்ப்யூட்டரை ஒரு துண்டால் மூடி வைத்துவிட்டு, பாய் கார்பன் பேப்பர் வைத்துக் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், கம்ப்யூட்டருக்கு ஜுரமா?" என்றேன்.

"பூட்டிட்டாங்கம்மா. யாரோ எங்கேயோ உக்காந்துக்கிட்டு. காலைல வந்து ஆன் பண்ணினா எதுவும் தொறக்கல. ஸ்க்ரீன் முழுக்க இங்கிலீஷ். பணம் அனுப்பு, இல்லாட்டி உன் கஸ்டமர் பேரு, நம்பர், வீட்டு அட்ரஸ், என்ன வாங்கினாங்க, எல்லாத்தையும் வெளியில விட்டுருவோம்ங்கிறான்."

"அனுப்பிட்டீங்களா?"

"மெயின்லேண்டுல தெரிஞ்சவங்களக் கேட்டேன். குடுத்தாலும் அவன் வெளியில விடாம இருப்பான்னு என்ன நிச்சயம்னாங்க. போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன். கடை பேரைச் சொல்லி யாராவது போன் பண்ணா வாயத் தொறக்காதீங்கம்மா."

கடைக்குள் வந்த ஒவ்வொருவரிடமும் இதையே சொன்னார். பெங்காலிக்காரர்களுக்கு ஹிந்தியில், நம் ஆட்களுக்குத் தமிழில். அவரே திருடிவிட்ட மாதிரி முகம் சுண்டிப்போயிருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. ஆனால் பயம் துளியும் இல்லை. என் நம்பர் கேஸ்காரரிடம் இருக்கிறது, மீன்காரியிடம் இருக்கிறது, கோயில் கமிட்டியில் எல்லோரிடமும் இருக்கிறது. அதற்காக ஒருவன் இத்தனை மெனக்கெடுவானா என்று நினைத்தபடி மூடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தவர்கள். ஒரே ஊரில் வாக்கப்பட்டோம் என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் லம்பா லைனில் சொந்தமாக வீடு கட்டினாள். கிரகப்பிரவேசத்துக்கு என்னை நேரில் வந்து அழைக்கவில்லை. கூடப் பிறந்தவளுக்கு வாட்ஸாப்பில் பத்திரிகை அனுப்பினாள், அதுவும் குரூப்பில். கேட்டதற்கு, அவள் புருஷன் ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் வேலையில் இருந்ததாகவும், கடல் சரியில்லாமல் போட் ரத்தானதாகவும், அவர் வந்ததும் ஜோடியாக வந்து அழைக்க இருந்ததாகவும் சொன்னாள். டெலானிபூருக்கும் லம்பா லைனுக்கும் நடுவில் எந்தக் கடலும் இல்லையே என்றேன். பேச்சு அதோடு நின்றது. நான் விசேஷத்துக்குப் போகவில்லை.

போர்ட் பிளேர் மாதிரி ஊரில் ஒருத்தியோடு பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. மார்க்கெட்டில் எதிரே வருவாள், கோயிலில் பக்கத்து வரிசையில் நிற்பாள். நான் முருகனைப் பார்ப்பதா, அவளைப் பார்க்காமல் இருப்பதா? ஆனாலும் சேதியெல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது. அவள் மகனுக்கு மெயின்லேண்டில் காலேஜ் கிடைத்திருக்கிறது, பீஸ் கட்டப் பணத்தைப் புரட்டி பேங்கில் போட்டு வைத்திருக்கிறாள் என்பதுவரை எனக்குத் தெரியும்.

பாய் கடைக்குப் போய் வந்து கொஞ்ச நாள் கழித்து, அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. தேன் சொட்டும் ஹிந்தி. பாய் கடை என்று சொல்லவில்லை, பிரிட்ஜ் கம்பெனி கஸ்டமர் கேர் என்றான். நான் வாங்கிய டபுள் டோர் பிரிட்ஜுக்கு வாரண்டியை நீட்டித் தருகிறார்களாம். என் வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவுப் பிரிட்ஜ்தான், அதுவும் ராத்திரியில் உறுமுகிறது என்றேன். அவன் பொறுமையாகப் பெயரைப் படித்தான். என் தங்கை பெயர். விலாசத்தைப் படித்தான். லம்பா லைன், தண்ணீர் டேங்குக்குப் பின் சந்து, நீல கேட். நம்பர் மட்டும் என்னுடையது.

எனக்கு வந்த கோபத்தில் கண்மண் தெரியவில்லை. விசேஷத்துக்கு அழைக்க அக்கா வேண்டாம், பிரிட்ஜ் வாங்க மட்டும் அக்கா நம்பர் வேண்டுமா? "அந்த அம்மாவுக்குத் தனியா நம்பர் இருக்கு, அதுல பேசு" என்று அவள் நம்பரை மனப்பாடமாக ஒப்பித்து, போனை வைத்தேன்.

அரிசியை உலையில் போட்ட பிறகுதான் பாய் சொன்னது உறைத்தது. பெயர், நம்பர், வீட்டு விலாசம், என்ன வாங்கினார்கள். திருடன் கையில் இல்லாமல் இருந்தது அவள் நம்பர் ஒன்றுதான். அதையும் நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வீம்பையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடி கூப்பிட்டேன். பிஸி. பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லலாமென்றால் அவள் பக்கத்து வீட்டில் யார் என்றே எனக்குத் தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு ஆட்டோவில் ஏறினேன். டிரைவரிடம் திருடன் சொன்ன விலாசத்தைச் சொன்னேன். கூடப் பிறந்தவள் வீடு எங்கே இருக்கிறது என்று ஒரு திருடன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது என்று நினைத்தபோது அழுகை வந்தது.

நீல கேட் திறந்தே இருந்தது. அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் அதே தேன் குரல். கையில் பேங்க் கார்டு.

என்னைக் கண்டதும் எழுந்தாள். நான் போனைப் பிடுங்கினேன். அந்த நேரம் பார்த்து அது டிங் என்றது. ஓடிபி வந்திருந்தது. "மேடம், ஆறு நம்பர் வந்திருக்கும், படிங்க" என்று அவன் ஹிந்தியில் குழைந்தான்.

"தும்கோ ஷரம் நஹி லக்தா?" என்று ஆரம்பித்தேன். வெட்கமில்லையா என்று தொடங்கி, அவன் தின்கிற சோறுவரை கேட்டேன். ஹிந்தி தீர்ந்ததும் தமிழில் தொடர்ந்தேன். அவன் எப்போதோ வைத்துவிட்டிருந்தான்.

"க்யா ஹுவாக்கா, என்னாச்சு, யாரு அது?" என்றாள் தங்கை. நடந்ததைச் சொன்னேன். கார்டு நம்பரைப் படித்துக் காட்டிவிட்டாளாம். உடனே பேங்குக்குப் போன் செய்து கார்டை நிறுத்தச் சொன்னோம். பணம் அப்படியே இருப்பதாக அங்கிருந்த பெண் சொன்ன பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது. அப்போதுதான் கவனித்தேன், நான் செருப்புக் காலோடு அவள் வீட்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் தண்ணீர் கொண்டு வந்தாள். குடித்துவிட்டு, "என் நம்பரை ஏன்டி குடுத்தே?" என்றேன்.

சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். "நம்பர் போட்டாத்தானே டெலிவரிக்காரன் உனக்குப் போன் பண்ணுவான். யார் வீட்டுப் பிரிட்ஜுக்கு யார் நம்பரைக் குடுத்தேன்னு சண்டை போடவாவது நீ என்கிட்ட பேசுவேன்னு நெனச்சேன்."

எனக்கு நினைவு வந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் யாரோ கூப்பிட்டு, பிரிட்ஜ் கொண்டு வந்திருக்கிறேன், வீடு எங்கே என்று கேட்டான். யார் பிரிட்ஜ், என்ன பிரிட்ஜ், மனுஷியைச் சாப்பிட விடுகிறாயா இல்லையா என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே சொன்னாள்.

"அவன் சந்து சந்தா அலைஞ்சு, பாய் கடைக்குப் போன் போட்டுக் கேட்டு, ஒரு வழியா வந்து சேர்ந்தான். அந்த மேடம் ரொம்ப திட்டிட்டாங்கன்னு ஒரே புலம்பல்." சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போதான் நீ டெங்குல கெடந்து ஆஸ்பத்திரியில இருந்து வந்திருந்தே. வந்து பாக்கவும் தைரியமில்ல, யார்கிட்டயும் கேக்கவும் முடியல. அவன் சொன்னதும் எனக்கு உயிரே வந்துச்சுக்கா. இந்தத் திட்டு திட்டுறான்னா அக்கா நல்லாத்தான் இருக்கான்னு."