டிஸ்க்கின் வெளி ஓரம்

மகள் வெளிநாட்டுக்குக் கிளம்பிப் போனது ஒரு புதன்கிழமை. அன்று காலை அவள் மூடாத பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் அப்பா கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, டிஸ்க் எப்போது வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் கேமராக்காரர். கல்யாண வீட்டில் தோளில் கேமராவோடு நிற்பதும், எடுத்ததைக் கடையில் வைத்து வெட்டி ஒட்டி டிஸ்க்கில் ஏற்றிக் கொடுப்பதும்தான் பிழைப்பு. ஊரில் பாதிப் பேரைப் படம் எடுத்தவருக்கு மனைவி மட்டும் பிடி கொடுக்கவில்லை. கேமராவைத் தூக்கினாலே, "கேசட்டை வீணாக்காதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

அவள் அசைந்து பேசுவது ஒரே ஒரு கேசட்டில்தான் இருந்தது. அவளுடைய தங்கை கல்யாணத்தில் எடுத்தது. கேசட் முடியப்போகிற நேரம். மண்டபத்துச் சமையலறை வாசலில், இடுப்பில் குழந்தையோடு நின்று, சிரிப்பும் கோபமுமாக அவரைத் திட்டுகிறாள். அவ்வளவுதான். அந்தக் கேசட்டைத்தான் அன்று முழுசாக மகளுக்காக டிஸ்க்கில் ஏற்றினார்.

கடையில் இரண்டு வகை டிஸ்க் இருந்தது. தனித்தனி டப்பாவில் வரும் நல்ல டிஸ்க் கல்யாண வீட்டாருக்கு. பிளாஸ்டிக் கம்பியில் அடுக்கி வரும், பெயர்கூட அச்சிடாத லூஸ் டிஸ்க், சொந்தக்காரர்கள் கேட்கும் உபரி காப்பிக்கு. அன்று கை தானாக லூஸ் டிஸ்க் பக்கம் போனது. வீட்டு ஆளுக்குத்தானே என்ற நினைப்பு. நேரம் வேறு ஆகிக்கொண்டிருந்ததால், இருப்பதிலேயே அதிக வேகத்தில் ஏற்றினார். ஒன்று மகளுக்கு, ஒன்று வீட்டு பீரோவுக்கு. இரண்டின் மேலும் 'அம்மா' என்று அச்சடித்த வட்டக் காகிதத்தை ஒட்டினார். போட்டுப் பார்த்தார், ஆரம்பம் பளிச்சென்று ஓடியது. எந்த டிஸ்க்கிலும் அவர் ஆரம்பத்தை மட்டும்தான் பார்ப்பார்.

விமான நிலைய வாசலில் மகள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இப்போதைக்குப் பாக்க மாட்டேன்ப்பா. பாத்தா அங்க ஒரு வேலையும் ஓடாது."

"எப்ப வேணா பாரு கண்ணு. அது எங்க ஓடிடப் போகுது?"

அந்த வாரமே ஒரு கல்யாணம். புதுக் கேசட் தீர்ந்துபோயிருந்தது. டிஸ்க்கில் ஏறிவிட்டால் கேசட் அடுத்த கல்யாணத்துக்கு என்பது அந்தக் கடையின் வழக்கம். கேசட்டில் பூஞ்சை பிடிக்கும், டிஸ்க் ஒரு ஆயுசுக்கு இருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டிருந்தார். மனைவியின் கேசட்டைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து கேமராவில் போட்டார்.

வருஷங்கள் போயின. எல்லோர் கையிலும் கேமரா வந்த பிறகு அவரைக் கூப்பிட ஆளில்லை. கடையில் பாதியை ஒரு தையற்காரருக்கு விட்டுவிட்டு, மீதிப் பாதியில் பழைய படங்களைப் பெரிதாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு நாள், ஒரு பெண் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"மாமா, இது எங்க கல்யாணம். எதுல போட்டாலும் வர மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு, அப்படின்னா நமக்குக் கல்யாணமே ஆகலை, நான் கிளம்பறேங்கிறாரு."

தையற்காரர் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கேமராக்காரரும் சிரித்துக்கொண்டேதான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் காகிதம் உப்பியிருந்தது. அது உப்பிய இடத்தில் அடியிலிருந்த வெள்ளிப் பூச்சையும் உரித்துக்கொண்டு வந்திருந்தது. மிச்ச இடத்தில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் கசிந்தது.

"என்னண்ணே, ஊசி குத்தி வச்ச மாதிரி இருக்கு?" என்றார் தையற்காரர்.

அது லூஸ் டிஸ்க், யாரோ சொந்தக்காரருக்கென்று கொடுத்த உபரி காப்பி. கேமராக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

பீரோவிலிருந்த டிஸ்க்கிலும் அதே உப்பல், அதே பொட்டுகள். வீட்டு பிளேயரில் போட்டார். சுற்றியது, முக்கியது, துப்பிவிட்டது. மெல்லிய துணியால் துடைத்துப் போட்டார். கடைக்குத் திரும்பி அங்கிருந்த கம்ப்யூட்டரிலும் போட்டார். ஒன்றும் வரவில்லை. டிஸ்க்கில் பதிவு உள்ளேயிருந்து வெளியே போகும். அழுகல் வெளியேயிருந்து உள்ளே வரும். மனைவி இருந்தது கடைசியில்.

இனி இருப்பது மகளிடம் உள்ளதுதான். அதே அடுக்கில் எடுத்தது, அதே காகிதம் ஒட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் பேசும்போது கேட்டுவிடத்தான் நினைத்தார்.

"அங்க வெயில் எப்படிம்மா? ஈரம் ஜாஸ்தியா?"

"என்னப்பா, வானிலை அறிக்கை வாசிக்கப் போறீங்களா?"

"இல்ல, சும்மா. அந்த டிஸ்க்கை எங்க வச்சிருக்க?"

"பத்திரமா இருக்குப்பா. ஜன்னல் பக்கத்துல, என் கண்ணு படற இடத்துலயே வச்சிருக்கேன். ஒரு நாள் தைரியம் வந்ததும் பாப்பேன்."

வெயில் படுகிற ஜன்னல். அவர் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டார். அடுத்த ஞாயிறும் அப்படித்தான், அதற்கடுத்ததும். உண்மையைச் சொன்னால் அவள் உடனே போட்டுப் பார்ப்பாள். பார்த்தால் தெரிந்துவிடும்.

தையற்காரருக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க வாயைத் தைச்சுக்கிட்டு உக்காந்தா அது தானா சரியாயிடுமா? நாள் ஆக ஆக இன்னும் கெடும்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தப் புள்ளைக்கு அம்மான்னு இருக்கறது அது ஒண்ணுதான். சொல்லித் தொலைங்கண்ணே."

கடைசியில் சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாமல் போட்டு உடைத்தார்.

"அந்த டிஸ்க்கை நீயா போட்டுப் பாக்காத. நல்ல ஆளாப் பாத்து, உள்ள இருக்கறதை எடுத்துத் தரச் சொல்லு. அது... மட்டமான டிஸ்க்கும்மா. என்கிட்ட இருந்தது போயிடுச்சு."

"கேசட் இருக்கில்லப்பா?"

"இல்ல. அது மேலயே வேற கல்யாணம் எடுத்துட்டேன்."

"யாரு கல்யாணம்?"

யோசித்துப் பார்த்தார். முகங்கள் வந்தன, மாலைகள் வந்தன, எது யாருடையது என்று பிடிபடவில்லை.

"ஞாபகமில்லம்மா."

மகள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் பேசவில்லை. இவர் கூப்பிட்டபோது மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு அவர் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். கடைக்கு வருவார், யாருடைய படத்தையாவது பெரிதாக்குவார், போனைக் கவிழ்த்து வைப்பார், நிமிர்த்துவார். தையற்காரர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல மிஷினை ஓட்டிக்கொண்டிருப்பார். மழைக்காலம் போய் வெயில் வந்து, மறுபடியும் மழை பிடித்தது.

அப்படி ஒரு மத்தியானம் போனில் மகளின் செய்தி வந்து விழுந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அப்பா, ரொம்ப நாளா உங்ககிட்ட பேச முடியலை. டிஸ்க்கை எடுத்துக்கிட்டு நிறைய கடை ஏறி இறங்கினேன். ஒருத்தர் மட்டும் முன்பகுதியை எடுத்துக் கொடுத்தார். மண்டபம் வருது. யாரோ நாற்காலி தூக்கிட்டுப் போறாங்க. சித்தி புதுப்புடவையில வந்து நிக்கறாங்க. அம்மா வரலை. கடைசியில உங்க குரல் கேக்குது. 'உங்க அக்காவைக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லேன்'னு சித்திகிட்ட கேக்கறீங்க. சித்தி உள்ள திரும்பிக் கூப்பிடறாங்க. அதோட நின்னுடுதுப்பா."