ஒரே குடும்பப் பெயர்

என் சூப்பர்வைசரின் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பத்து எழுத்து வேண்டும். சொல்ல ஐந்து போதும். மற்ற ஐந்தும் வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிறவை. தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவருக்குக் கீழ் இருந்தேன். அந்தப் பெயரை யாராவது பிழையாக உச்சரித்தால் மூன்று தரம் திருத்துவார். என்னை மட்டும் என் அப்பாவின் பெயரில் பாதியை வெட்டிக் கூப்பிடுவார். வந்திறங்கிய நாளில், குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குள் அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன். எங்களிடம் வேறு என்ன இருந்தது? எனக்கு இரண்டு வயதில் செத்துப்போன மனிதர். அவர் எனக்கு விட்டுப்போனது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் தன் பெயரின் பூர்வீகத்தைச் சொன்னார். இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தின் பெயராம். பாட்டன், தகப்பன், மனைவி, பிள்ளை எல்லோருக்கும் அதே பெயராம். குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று சாண்ட்விச்சைக் கடித்தபடி சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கிழமைதான் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மனைவியும் ஐந்து வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். நான் ஸ்பொன்சர் செய்து இரண்டு வருடமாகியிருந்தது. எங்கள் வழக்கப்படி அவர்களுடைய பாஸ்போர்ட்டில் பின்னால் இருந்தது என் பெயர். என் பத்திரங்களில் பின்னால் இருந்தது அப்பாவின் பெயர். குடும்பப் பெயர் ஏன் வேறுபடுகிறது, விளக்கம் தரவும் என்று எழுதியிருந்தார்கள். விளக்கத்தைத்தான் கேட்டார்கள். ஒரு பக்கக் கடிதத்தோடு முடிந்திருக்கும் விஷயம்.

நானோ பெயரையே மாற்றப் புறப்பட்டேன்.

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தம்பி ஒருவன் எச்சரித்தான். “அண்ணை, அவசரப்படாதேங்கோ. லோயரிட்டக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ.”

“லோயர் வந்து என்ன சொல்லப்போறான்? மூண்டு பேருக்கும் ஒரே பேர் எண்டால் ஆர் கேள்வி கேக்கிறது?” என்று அவன் வாயை அடைத்தேன்.

பெயர் மாற்றப் பத்திரம் வந்தது. அப்பாவை எடுத்துவிட்ட இடத்தில் நான் நின்றேன். முன்னாலும் என் பெயர், பின்னாலும் என் பெயர். அதன் நகலை அனுப்பிவிட்டு, மகளுக்குக் குளிர்ச் சட்டை ஒன்றும் வாங்கி வைத்தேன். சந்தோஷத்தில் கண் தெரியவில்லை.

அடுத்த கடிதம் பனி கொட்டிய ஒரு காலையில் வந்தது. கல்யாணப் பதிவில் இருப்பவரும் இப்போது எழுதுகிறவரும் ஒருவரே என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். முதலிலிருந்து தொடங்கவேண்டும். கட்டிலில் இருந்தபடி தலையில் அடித்துக்கொண்டேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருந்தேன். என் மேல் எனக்கு வந்த வெறுப்பை இன்றைக்கும் சொல்லி முடியாது. குளிர்ச் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அது மகளுக்கு அளவாக இருக்கும்போது அவள் வரமாட்டாள் என்று அப்போதுதான் விளங்கியது.

அன்றைக்கே லொட்ஜுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப மாமான்ர பேர்?” என்று மனைவி கேட்டாள்.

“எடுத்துப்போட்டன். அது போனால் போகட்டும், நீங்கள் ரெண்டு பேரும் வந்தால் காணும் எண்டுதான் செய்தனான்.”

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“மாமான்ர பேரும் போச்சுது,” என்றாள். “நாங்களும் வந்து சேரேல்லை.”