முத்தம் இல்லாத பெரிய வெள்ளி

அப்பா கடலூர்–சிதம்பரம் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்தில் ஒரே ஒரு நாள் எங்கள் பங்குக் கோயிலிலும் அவருக்கு ஒரு வேலை உண்டு. பெரிய வெள்ளியன்று மதியம் எல்லோரும் வரிசையாக வந்து மண்டியிட்டு, சாய்த்து வைத்த மரச்சிலுவையின் பாதத்தை முத்தி செய்வார்கள். ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் அந்த இடத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைப்பவர் அப்பா. அம்மா முதல் நாளே துணியைத் துவைத்து, சொட்டு நீலம் போட்டு, இஸ்திரி செய்து வைத்துவிடுவாள். சின்ன வயதில் அந்த வரிசையில் நகரும்போது நான் சிலுவையைப் பார்த்ததே இல்லை, அப்பாவைத்தான் பார்ப்பேன். பஸ் படிக்கட்டில் தொங்குபவர்களைக் கண்டபடி திட்டுகிற மனுஷன் அங்கே மட்டும் அத்தனை சாந்தமாக இருப்பார்.

பன்றிக் காய்ச்சல் பரவிய சமயம் நான் சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியன். அப்பாவின் பழைய தடத்திலேயே தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். ஆலப்பாக்கத்தில் ஒருவர் தும்மினால் புதுச்சத்திரம் வரை மொத்த பஸ்ஸும் அவரை முறைத்துக்கொண்டு வரும். என் பயமெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். அவருக்கு வீசிங் உண்டு. சட்டைப் பையில் இன்ஹேலரை ஒளித்து வைத்துக்கொண்டு, யாராவது கேட்டால் பேனா என்பார். அந்தக் காய்ச்சல் அவர் நெஞ்சில் இறங்கினால் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த தவக்காலம் வந்ததும் துணிப் பேச்சை எடுத்தேன்.

"ஒரே துணியில எல்லார் எச்சிலையும் தொடைக்கிறீங்கப்பா. கிருமி போவாது. ஒருத்தர்து இன்னொருத்தருக்குப் பூசி உடுறீங்க. கடைசில எல்லாம் உங்க கைக்குத்தான் வருது."

"முப்பது வருஷம் நாக்குல வெரலத் தொட்டுத்தான் டிக்கெட்டு கிழிச்சுக் குடுத்தேன். கடலூர்லேர்ந்து செதம்பரம் வரைக்கும் எவன் செத்தான்?"

"எத்தினி பேரு காய்ச்சல்ல படுத்தாங்கன்னு நீங்க போயி பாத்தீங்களா?"

"ரொம்பத்தான் படிச்சிட்ட" என்று எழுந்து போய்விட்டார்.

அவருடைய பிடிவாதம்தானே எனக்கும். நேராகப் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். குருத்து ஞாயிறு பூசையில் அவர் அறிவித்தார்: இந்த வருஷம் யாரும் முத்தி செய்ய வேண்டாம், தலை வணங்கினால் போதும். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம்ம கண்டக்டர் மகள்தான் எனக்கு விளக்கிச் சொன்னாள் என்று என்னைப் பாராட்டியும் வைத்தார். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். தடுப்பூசி வருகிறதாமே, போட்டுக்கொண்டால் அந்தக் காய்ச்சலே வந்துவிடுமாமே என்று கேட்டாள். எனக்குக் குஷி வந்துவிட்டது.

"அது செத்த கிருமி அத்தை, ஒண்ணும் பண்ணாது. திருடன் போட்டோவ முன்கூட்டியே காட்டி வைக்கிற மாதிரி. ஒடம்பு மூஞ்சிய ஞாபகம் வச்சிக்கும். நெசத் திருடன் வந்தா வாசல்லயே புடிச்சிடும்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நீ பேரு குடுத்திட்டியா?"

முப்பது வருஷம் டிக்கெட் எடுக்காதவர்களின் முகத்தைப் பார்த்துப் பழகியவர் அவர். நான் பேர் கொடுக்கவில்லை. ஊசி வேண்டும் என்பவர்கள் கையெழுத்துப் போடச் சொல்லி ஆய்வகத்துக்கு ஒரு தாள் வந்தது. பார்க்காததுபோல் அதைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டிருந்தேன். அத்தை போகும்வரை காத்திருந்து அப்பா கேட்டார்.

"அந்த ஊசி எனக்குக் கெடைக்குமா?"

"இப்பத்திக்கு ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு மட்டுந்தான்."

"அப்ப இந்த வூட்டுக்குள்ள கிருமியக் கொண்டாறதுன்னா நீதான் கொண்டாரணும். எனக்குத் துணி வேணாங்கிற. உனக்கு ஊசி வேணாங்கிற."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கல்யாணமாவாத பொண்ணுங்க போட்டுக்கிட்டா கொழந்த பொறக்காதுன்னு ஆஸ்பத்திரியிலயே பேசிக்கிறாங்கப்பா."

"நீ படிச்ச புஸ்தகத்துல அப்பிடி இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்னா?"

"பயமா இருக்கு."

பேப்பரை மடித்து வைத்தார். "எனக்கும் பயந்தான். துணிய எடுக்காத போனா அங்க எனக்கு என்னா வேல?" என்றார். அது என் மண்டையில் உறைக்கவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் முதல் வேலையாக அந்தத் தாளைத் தேடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன்.

பெரிய வெள்ளியன்று அப்பா அதே இடத்தில் நின்றார். துணி மடிப்புக் கலையாமல் தோளில் கிடந்தது. பழக்கதோஷத்தில் எல்லோரும் உதட்டைக் கொண்டுபோனார்கள். அப்பா குறுக்கே கையை நீட்டி, "வணங்குனா போதும்மா, வணங்குனா போதும்" என்று தடுத்துக்கொண்டே இருந்தார். தேவனாம்பட்டினத்திலிருந்து வருஷா வருஷம் வரும் ஒரு பெண் கேட்காமல் குனிந்தாள். அவளிடம் மட்டும், "அடுத்த வருஷம் ரெண்டா குடுத்துக்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார். என் முறை வந்தபோது, யாரோ பயணியிடம் சொல்வதுபோல் என்னிடமும், "வணங்குனா போதும்" என்றார்.

ஈஸ்டர் முடிந்து சில வாரங்கள் கழித்து ஊசி வந்தது. அன்று காலை நான் பஸ் ஏறினால், பின்னாலேயே அப்பாவும் ஏறுகிறார். இளவயதுக் கண்டக்டர், "என்னா மாமா, மறுபடியும் டூட்டியா?" என்று கிண்டல் செய்தார். "ஆமாம்பா, ஒரு நாளுக்கு மட்டும்" என்றார் அப்பா. மருத்துவமனை வராந்தாவில் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, நான் வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது இடது கை விண்விண்ணென்று வலித்தது. அப்பா மஞ்சள் பையைத் திறந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்தார். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து நனைத்துப் பிழிந்து, ஊசி போட்ட இடத்தில் வைத்து, கடலூர் வரும்வரை கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வருஷம் அவர் மறுபடியும் சிலுவையடியில் நின்று துடைத்தார். முத்தத்துக்கு முத்தம் துணியை மாற்ற வேண்டும் என்று சட்டம் போட்டு, அம்மாவின் பழைய வெள்ளைச் சேலைகளையெல்லாம் கிழித்துத் தீர்த்தார். அப்போதும் மரம் ஒன்றுதானேப்பா என்று நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்ததையும் பார்த்துவிட்டுத்தான் போனார். இப்போது எந்த ஊசி போட்டுக்கொண்டு வந்தாலும் பீரோவிலிருந்து அந்தத் துணியை எடுத்து நனைத்து நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு கையால் சரியாகப் பிழிய வருவதில்லை.