தையலோரம் தடவிய குங்குமம்

ஆடி மூன்றாம் வெள்ளி. கோயிலுக்குப் புறப்பட்ட என் மனைவி கமலவேணி மீது, சிங்கப்பூர் மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழேயே ஒரு மின்சைக்கிள் மோதியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. எனக்கு எழுபத்தாறு, அவளுக்கு எழுபத்தொன்று. பிள்ளைகள் இல்லை.

மருத்துவமனையில் கெண்டைக்காலின் தோலையும் சதையையும், ரத்தக்குழாய் அறுபடாமல் திருப்பி, எலும்பை மூடித் தைத்தார்கள். அதை ஃபிளாப் என்றார்கள். அது கறுத்துச் செத்தால் காலையே எடுக்க நேரலாம் என்றார் டாக்டர். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை தாதி அதை விரலால் அழுத்துவார். வெளுத்த இடம் சிவக்க இரண்டு விநாடி ஆகும். நானும் எண்ணுவேன்.

“காலைப் பார்க்கிறீங்களா, கடிகாரத்தைப் பார்க்கிறீங்களா?” என்றாள் கமலவேணி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போய் அம்மனை நூற்றெட்டு முறை சுற்றினேன். எங்கள் வீட்டில் வலிக்கிற இடத்தில் பிரசாதம் வைப்பது வழக்கம். மூன்றாம் நாள் அவள் கண்ணயர்ந்தபோது, தையலோரம் குங்குமம் தடவினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த முறை வந்த தாதி அதிர்ந்து போனார். நம் தமிழ்ப் பெண்தான்.

“அங்கிள், நிறத்தைப் பார்த்துத்தான் ரத்தம் ஓடுதான்னு சொல்றோம். நீங்க சிவப்பைத் தடவிட்டா நான் எதைப் பார்க்கிறது லா?”

துடைத்தார். அடியில் ஃபிளாப்பின் நுனி கருநீலமாக இருந்தது. எப்போது கறுக்கத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை.

நடைவழியில் உட்கார்ந்து அழுதேன். தாயே, என் பக்தியே அவள் காலைப் பறித்துவிடுமா? நேர்ந்துகொள்ள எதுவும் தோன்றவில்லை. காப்பாற்று என்று மட்டும் கேட்டேன்.

அன்று மாலை டாக்டர் இறுக்கம் குறைய இரண்டு தையலைத் தளர்த்தினார். குறைந்த சக்தி லேசர் ஒளியையும் வைத்துப் பார்க்கலாம் என்றார். சுடாது, எரிக்காது, ரத்த ஓட்டத்துக்கு உதவலாம், உதவாமலும் போகலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். தினமும் சில நிமிடம், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அந்தச் சிவப்பு ஒளியின் முன் கண்மூடி வேண்டினேன்.

ஆறாம் நாள் நீலம் பரவுவது நின்றது. மூன்று விரல் அகலம் செத்தே போயிற்று. அதை வெட்டி, தொடைத் தோலை வைத்து மூடினார்கள். மற்றது பிழைத்தது. கால் தப்பியது.

குங்குமம் வைத்ததை அவளிடம் சொன்னேன். அம்மன் ஏன் இப்படிச் செய்தாள் என்றும் கேட்டேன். “அம்மா மேல பழி போடாதீங்க. கேட்காம வெச்சது நீங்கதானே?” என்றாள்.

இன்றும் விந்தி நடக்கிறாள். தரையில் உட்கார முடியாது. அந்த மூன்று விரல் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குங்குமம் நினைவுக்கு வருகிறது. ஆனால் தை வெள்ளியன்று என் தோளைப் பிடித்துச் சந்நிதியில் நின்றாள். மருந்தா, ஒளியா, டாக்டர் கையா என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாம் தாய் அனுப்பியவை.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் படுக்கையில் இருக்கலாம். பிரசாதத்தை நெற்றியில் வையுங்கள். புண்ணை மருத்துவரிடம் விடுங்கள். அழுகையைத் தாயிடம் கொண்டுபோங்கள். வெறுங்கையோடு போனாலும் கேட்கிறாள்.